அடிக்கு ஒண்ணரை இஞ்சு

செல்வநாயகி வீட்டுத் தோட்டத்துச் சுவரும் என் தையல் மெஷின் போட்டிருக்கிற ஜன்னலும் எதிரெதிர். நடுவில் எங்கள் பின்தெரு. ஒரு டிராக்டர் வந்தால் கோழி ஒதுங்கக்கூட இடமிருக்காது. அதனால் அந்த வீட்டில் நடப்பதை நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தானாகவே வந்து என் மடியில் விழும். இதைப் பொரணி என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

தினமும் காலையில் ஏழே முக்காலுக்கு செல்வநாயகியின் குரல் கேட்கும். "போயிட்டு வரேங்க." உள்ளேயிருந்து "ம்" என்று பதில் வரும். அது அவள் புருஷன் கொளஞ்சிநாதன். மூன்று வருஷமாக இதேதான். அவள் போவாள், வருவாள், அவன் "ம்" என்பான்.

கொளஞ்சி கொத்தனார். பெண்ணாடத்தில் ஒரு வீட்டு வேலையில் சாரம் சரிந்து மாடியிலிருந்து விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே பலம் போய்விட்டது. கைகள் இரண்டும் பழைய கைகள்தான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஊன்றித் தாவிவிடுவான், நாற்காலியை வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டுவான். ஆனால் வீட்டைவிட்டு இறங்க முடியாது. முன்வாசலில் ஏழு படி. மணிமுத்தாற்றில் என்றைக்காவது பெருவெள்ளம் வந்தாலும் தன் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் ஏறக்கூடாது என்று வீம்பாக அவனே உயர்த்திக் கட்டிய படிகள். வெள்ளம் இன்றுவரை வரவில்லை. படிதான் நிற்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் தெருப்பிள்ளைகள் நாலு பேர் வந்து தூக்குவார்கள். நல்ல பிள்ளைகள்தான், முகம் சுளிக்க மாட்டார்கள். "அண்ணே, போன மாசத்துக்கு எட கொறஞ்சிட்டீங்க" என்று ஒருத்தன் தமாஷாகச் சொல்வான். கொளஞ்சி கண்ணை இறுக மூடிக்கொள்வான். முழு உயரச் சுவரில் நின்று இருபது ஆளை மிரட்டி வேலை வாங்கியவன், நாலு பேர் கையில் சிமெண்ட் மூட்டையாகக் கிடப்பான். போன தை மாதத்தில் ஒரு நாள், தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டதும் சொல்லிவிட்டான்.

"இனிமே என்ன யாரும் தூக்கக் கூடாது. செத்தாத் தூக்குங்க."

அன்றிலிருந்து அவன் வெளியே வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரே மாதத்தில் இரண்டு நல்லது சேர்ந்து நடந்தது. சர்க்கார் கொடுக்கிற மூன்று சக்கரப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு எழுதிப் போட்டிருந்தார்களே, அது வருகிறது என்று கடலூரிலிருந்து போன் வந்தது. செல்வநாயகி வேலை செய்கிற, பீங்கான் சாமான் செய்யும் செராமிக் எஸ்டேட்டில், அவள் கம்பெனிக்கு மூன்றாவது ஷெட்டில் ஒரு வேலையும் காலியாயிற்று. சூளையில் சுட்டு வந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதைப் பொறுக்கி எடுக்கிற வேலை. கொத்தனாருக்கு இது தெரியாதா? டைல்ஸ் பதித்துவிட்டு விரல் முட்டியால் தட்டி, அடியில் கலவை இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்கிற காது அவனுடையது. முதலாளி அவனைப் போனில் கூப்பிட்டு நாலு கட்டையைத் தட்டிக் காட்டினாராம். "ரெண்டாவது ஒடஞ்சதுங்க" என்று இவன் இங்கிருந்தே சொன்னானாம். மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். ஷெட் சமதளம், வண்டியோடு உள்ளே போய் பெஞ்சுக்குத் தாவிவிடலாம்.

எல்லாம் சரி, வீட்டைவிட்டு எப்படி இறங்குவது? பின்பக்கம் தோட்டம் தெருவோடு சமமாக இருந்தது. கொல்லைக் கதவிலிருந்து தோட்டத்துக்குச் சாய்தளம் போட்டாயிற்று. தெருப்பக்கச் சுவரில் நாலடி இடித்து வழியும் விட்டாயிற்று. ஆனால் திறந்து போட முடியுமா? தோட்டம் முழுக்க செல்வநாயகி வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைக்கிற, பீங்கான் சாமான் வார்க்கும் பிளாஸ்டர் அச்சுகள். எதிரிலோ என் ஆடுகள். என் ஆடுகளைப் பற்றி நானே நல்லது சொல்ல மாட்டேன். அதனால் வழியில் ஒரு தென்னங்கீற்றுப் படலைச் சாத்தியிருந்தார்கள். அதை எடுக்க இரண்டு காலில் நின்று இரண்டு கையால் தூக்க வேண்டும்.

"வழிக்கு ஒரு கேட்டு போடணும்" என்றாள் செல்வநாயகி.

அந்தக் கேட்டைப் போட வந்தவர் வெல்டிங் பட்டறை ஸ்தனிஸ்லாஸ். கொளஞ்சி கட்டிய வீடுகளுக்கெல்லாம் ஜன்னல் கிரில் அடித்துக் கொடுத்தவர். கூடவே ஆசாரி பக்கிரியும் வந்தார். படலைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தோட்டத்துப் பப்பாளி மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டே கேட்டேன்.

"கொளஞ்சி, ஒனக்கு எப்டி வேணும் சொல்லு" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"எப்டியோ போடுங்க."

"எப்டியோன்னா? நாளைக்கு நீதான் போவப் போற."

கொளஞ்சி கொஞ்ச நேரம் படலையே பார்த்தான். "நான் வண்டியில ஒக்காந்தபடியே தொறக்கணும். நான் வெளிய வந்ததும் அதுவா மூடிக்கணும். எவனும் வந்து தொடக் கூடாது. முடியுமாண்ணே?"

"மோட்டார் வச்சிப்புடலாமா?"

"கரெண்டு போச்சின்னா நான் உள்ளயே கெடக்கவா?"

ஸ்தனிஸ்லாஸ் எழுந்தார். இரண்டு நடை நடந்தார். திடீரென்று பப்பாளி மரத்திலிருந்து ஒரு இலையை ஒடித்து, அதன் காம்பைக் கத்தியால் சாய்வாக வெட்டினார். உள்ளே ஓட்டையாக இருக்கிற காம்பு, பைப்பு மாதிரியே. சாய்வாக வெட்டிய இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, நடுவில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகினார். மேல் துண்டைத் திருப்பினால் அது ஏறிக்கொண்டு மேலே போனது. விட்டதும் தானாகச் சுழன்று இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

"தோ பாரு! கீலு இப்டித்தான். தொறக்கும்போது கேட்டு கொஞ்சம் மேல ஏறும். வுட்டா அதும் எடயே அத இழுத்தாந்து மூடிப்புடும். உள்ளயும் தள்ளலாம், வெளியயும் தள்ளலாம். கரெண்டும் வாணாம், ஆளும் வாணாம்!"

"குடுங்க அத" என்று கொளஞ்சி கையை நீட்டினான். திருப்பினான், விட்டான். திருப்பினான், விட்டான். காம்பு நைந்து கிழிகிறவரைக்கும் விடவில்லை. மூன்று வருஷத்தில் அவன் ஒரு பொருளை ஆசையாகக் கையில் வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மெஷின் எப்போது நின்றதென்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் பேச்சு பிடித்துக்கொண்டது. முழுக்க இரும்பு என்றால் கனம், தள்ள முடியாது. முழுக்க மரம் என்றால் மழையில் உப்பும். இரும்பில் சட்டம், உள்ளே மரப்பலகை என்று முடிவாயிற்று. பலகைக்கு எங்கே போவது என்று பக்கிரி கேட்டதும் செல்வநாயகி சொன்னாள், "எங்க கம்பெனியில பழைய பலகைங்க கெடக்குது. ஈரக் கப்பு, பொம்ம எல்லாம் அடுக்கிக் காய வைக்கிற பலகை. ரேக்கு மாத்துனதுல தூக்கிப் போட்டுட்டாங்க."

"எத்தன வருஷத்துப் பலகை?"

"நான் சேர்ந்ததுக்கு முன்னாடியே இருக்குது. இருவத்தஞ்சி வருஷம் இருக்கும்."

பக்கிரி தொடையில் தட்டினார். "பொழுதுக்கும் ஈரம் குடிச்சி, வெயில்ல காஞ்சி, எல்லா ஆட்டமும் ஆடி முடிச்ச பலகை. இனிமே வளயவே வளயாது. காத்து மாதிரி இருக்கும் எட. அதையே குடுத்துடும்மா, எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

அளவு எடுக்கிற வேலை செல்வநாயகியுடையது. எஸ்டேட்டில் அவள் அச்சு மாஸ்டர். அவள் வரைந்த படத்தில் ஒரு நூல் பிசகியதாக யாரும் சொன்னதில்லை, அந்தக் கெத்து அவள் நடையிலேயே தெரியும். வழியின் அகலம் அளந்தாள். கொளஞ்சியை நாற்காலியில் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொல்லி, தாழ் எந்த உயரத்தில் வரவேண்டுமென்று அளந்தாள். நாற்பது இஞ்சு. எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டுபோய், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அச்சு ரூமில் உட்கார்ந்து பெரிய காக்கித்தாளில் படமாகப் போட்டு, ஸ்தனிஸ்லாஸ் கையில் கொடுத்துவிட்டாள். அவர் வந்து கீல் தாங்குகிற இரும்புக் கம்பத்தை வழியின் இடது பக்கம் ஊன்றி, காங்கிரீட் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டர் வந்தது. கடலூரிலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கியது. படலை எடுத்து வண்டியைத் தோட்டத்துக்குள் விட்டார்கள். சிவப்பு வண்டி. கொளஞ்சி நாற்காலியிலிருந்து அதற்குத் தாவி உட்கார்ந்து, தோட்டத்துக்குள்ளேயே பப்பாளி மரத்தைப் பத்து சுற்று சுற்றினான். ஹாரன் அடித்தே என் ஆடுகளைக் கலைத்தான். ஞாயிற்றுக்கிழமை கேட்டு, திங்கட்கிழமை வேலை. தெருவே நாள் எண்ணியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் வந்தார். பின்னாலேயே குட்டியானை லோடு வண்டியில் கேட்டும் பக்கிரியும். கேட்டை இறக்கியதும் எனக்குக் கண் விரிந்தது. மெல்லிய கறுப்புச் சட்டம். உள்ளே குறுக்குவாட்டில் பலகைகள். பக்கிரி பலகைகளின் முகப்பை மட்டும் இழைத்து எண்ணெய் தேய்த்திருந்தார், ஓரங்களில் பழைய வெள்ளைக்களிமண் ஏறியிருந்ததை அப்படியே விட்டிருந்தார். தாழுக்கு ஒரு உருண்டை மரப்பிடி, கைக்கு அடக்கமாக. ஒரு விரலால் தூக்கலாம்.

"ஒரே ஆளு தூக்குறன் பாரு" என்று பக்கிரி கேட்டை இடுப்பில் வைத்துக்கொண்டுபோய் கம்பத்தில் கீலை இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆளாளுக்குக் கை தட்டினோம். அப்புறம் கேட்டைத் திருப்பி வழிக்கு நேராகக் கொண்டுவந்தார்.

அது வழியை மூடவில்லை. எதிர்ப்பக்கச் சுவரில் போய் இடித்தது. சுவரைத் தாண்டி அரை அடி நீண்டுகொண்டு நின்றது.

ஸ்தனிஸ்லாஸ் டேப்பை உருவி கேட்டை அளந்தார். "நாலடி ஆறு இஞ்சு." வழியை அளந்தார். "நாலடி." காக்கித்தாளைப் பிரித்தார். "படத்துல நாலடி ஆறுன்னுதான் போட்டிருக்குது. தங்கச்சி, நீ இன்னும் கொஞ்சம் இடிக்கப் போறன்னு நெனச்சிக்கிட்டன். ஒன் படத்த நம்பாம நான் டேப்ப எடுத்தா அது நல்லா இருக்குமா?"

செல்வநாயகி தாளை வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளுத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ... நான் அடிக்கு ஒண்ணரை இஞ்சு சேத்துட்டங்க."

எனக்குப் புரியவில்லை. ஸ்தனிஸ்லாஸுக்கும் புரியவில்லை. செராமிக் வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளோ அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். ஈர மண்ணில் செய்த சாமான் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது சுருங்கிப்போகுமாம். எட்டு இஞ்சு வேண்டுமென்றால் ஒன்பது இஞ்சுக்கு அச்சு செய்ய வேண்டுமாம். இருபது வருஷமாக அச்சு ரூமில் அந்த மேசையில் உட்கார்ந்து எந்த அளவைப் போட்டாலும் அவள் கை தானாகவே அடிக்கு ஒண்ணரை இஞ்சு கூட்டிப் போடுமாம். கேட்டுக்கும் போட்டுவிட்டது.

"இரும்பு சுருங்காதுன்னு எனக்குத் தெரியாதாங்க? கை போட்டுடுச்சி. நானே கெடுத்துட்டன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று திரும்பினால், கொளஞ்சி சிரிக்கிறான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான்.

"ஏ செல்வி... இது இன்னும் வேவாத கேட்டுடி! சூளையில ஏத்தி எறக்குனா சரியாப் பூடும்!"

பக்கிரி முதலில் சிரித்தார், அப்புறம் ஸ்தனிஸ்லாஸ், அப்புறம் நான். அழுகிறவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே "சிரிக்காதீங்க" என்றாள். சிரித்து ஓய்ந்ததும்தான் நிலைமை உறைத்தது. நாளைக்குக் காலை எட்டரை.

"அறுத்துக் கொறைக்கலாம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "ஆனா சட்டத்த அறுத்து ஒட்டி, பலகய வெட்டி மறுபடி பூட்டணும். பட்டறைக்குத்தான் கொண்டு போவணும். புதங்கெழம ஆயிடும்."

செல்வநாயகி மெதுவாகச் சொன்னாள், "ஒரு ரெண்டு நாளைக்கு நான் படலத் தூக்கி வுடுறங்க. நீங்க வண்டியிலதான போவப் போறீங்க. ஒங்கள யாரும் தூக்கலயே, படலத்தான தூக்குறன்."

கொளஞ்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. "ஒரு நாளு, ரெண்டு நாளுன்னுதான் மூணு வருசம் தூக்குனீங்க. மொத நாளே நீ வந்து தொறந்து வுட்டு நான் போனன்னா, அப்புறம் என்னிக்கும் நீதான் தொறக்கணும். எனக்கு என்னப் பத்தித் தெரியும். நாளைக்கு நானா போனாப் போறன். இல்லன்னா அந்த வேல வேற எவனுக்காவது போவட்டும்."

வீம்பு பிடித்த ஆள்தான். ஏழு படி கட்டியவனல்லவா. ஆனால் அன்றைக்கு அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கேட்டு பெரிதாகிவிட்டது, கேட்டைச் சிறிதாக்க நேரமில்லை, அவ்வளவுதான் எங்கள் எல்லார் மண்டையிலும் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் கேட்டின் இரும்பு தொட முடியாமல் கொதித்தது.

கொளஞ்சி நாற்காலியை உருட்டிக்கொண்டு சுவரோரம் போனான். சுவரின் விளிம்பை விரலால் தடவினான். முட்டியால் தட்டினான், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். அது அவனே கட்டிய சுவர்.

"செல்வி, பரண்ல என் பை கெடக்குது பாரு. அத எடு."

அவள் அசையாமல் நின்றாள். எனக்கும் தெரியும் அந்தப் பை எதுவென்று. கரண்டி, உளி, சுத்தியல், தூக்குக்குண்டு, ரசமட்டம். அவன் விழுந்த அன்றைக்கு யாரோ சாக்கோடு கட்டிக்கொண்டுவந்து போட்டது. மூன்று வருஷமாக அதை அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"என்னாப் பாக்குற? கேட்டு சுருங்காது. செவுரு சுருங்கும். எடுத்தா!"

அவள் ஓடினாள்.

"இன்னிக்குப் பூசுனா நாளைக்குக் கேட்டத் தாங்குமா கொளஞ்சி?" என்று பக்கிரி கேட்டார்.

"கேட்டத் தாங்குறது அந்தப் பக்கத்துக் கம்பம், அது செட்டாயிடுச்சி. இந்தப் பக்கம் தாழு வந்து ஒக்கார்ற எடம்தான். ஒரு ராவு காஞ்சாப் போதும். அண்ணே, ஒங்க கட்டிங் மிஷின்ல கல்லு அறுக்குற பிளேடு இருக்குதா? மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு இழுத்துக் குடுங்க. நான் தட்டி எடுத்துக்குறன். பூர்ணிமாக்கா, அங்க நின்னு வேடிக்க பாக்காதீங்க. ஒங்க வூட்ல போன மாசம் கக்கூஸ் கட்டுன சிமெண்ட் மீதி இருக்குது, அரை மூட்ட. எடுத்தாங்க."

எங்கள் வீட்டில் என்ன மீதி இருக்கிறதென்று வீட்டைவிட்டு இறங்காத அவனுக்கும் தெரிந்திருந்தது. நான் சிமெண்டையும் தூக்கிக்கொண்டு, மணல் சலிக்க என் மாவுச் சல்லடையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு அந்தச் சல்லடை மாவுக்கு உதவவில்லை. போகட்டும்.

ஸ்தனிஸ்லாஸ் தூக்குக்குண்டு பிடித்துக் கோடு போட்டு, மிஷினை வைத்து அறுத்தார். செங்கல் தூளில் நாங்கள் எல்லாரும் சிவப்பானோம். கொளஞ்சி நாற்காலியிலிருந்து ஊன்றி இறங்கி, தரையில் சாக்குப் போட்டு உட்கார்ந்தான். உளியை வைத்தான். முதல் அடி. கொஞ்சம் நிறுத்தினான். இரண்டாவது அடி. அப்புறம் நிறுத்தவே இல்லை. கீழிருந்து தன் கை எட்டுகிற உயரம் வரை அவன் தட்டி எடுத்தான். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இன்னும் கொஞ்சம். அதற்கு மேலே செல்வநாயகி ஸ்டூல் போட்டு ஏறினாள்.

"உளிய சாச்சிப் புடி. சாச்சி! செவுத்தக் குத்துறியா, கத்தரிக்கா அரியுறியா?"

"நீங்க கத்துனா எனக்குக் கை நடுங்குது."

"நடுங்குற கைதான் அடிக்கு ஒண்ணரை இஞ்சு சேத்துச்சா?"

"அதச் சொல்லிக் காட்டாதீங்க!"

அவள் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வருஷமாக அவளை யாரும் திட்டவில்லை. "ம்" மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குச் சாப்பாடு. பச்சை முந்திரிப்பருப்பு போட்டுக் கறிக்குழம்பு வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் முந்திரிக் காலத்தில் அதைச் சாப்பிடாதவர்கள் பாவம் செய்தவர்கள். கலவை ஒட்டிய கைகளைக் கழுவியும் கழுவாமலும் பப்பாளி நிழலில் சுற்றி உட்கார்ந்து தின்றோம். கொளஞ்சி மூன்று முறை சோறு கேட்டான். மூன்றாவது முறை செல்வநாயகி சட்டியைச் சாய்த்து மிச்சக் குழம்பு முழுவதையும் அவன் தட்டில் கொட்டிவிட்டாள். எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது, கேட்கவில்லை.

சாயங்காலம் அவன் விளிம்பைப் பூசினான். கரண்டியால் கலவையை அள்ளி மணிக்கட்டைச் சுண்டி அடிக்கிற அந்த அடி, அது அப்படியே இருந்தது. தாழ் விழுகிற பள்ளமுள்ள இரும்புப் பட்டையை ஸ்தனிஸ்லாஸ் பிடிக்க, இவன் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சுவரில் பதித்தான். மறுபடி கேட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை அது இடிக்கவில்லை. விரல் நுழைகிற சந்து விட்டு, வழியை நிறைத்துக்கொண்டு நின்றது.

"ராவுக்கு யாரும் கேட்டத் தொடக் கூடாது. பட்ட செட்டாவட்டும். நாளைக்கு நான்தான் தொறப்பன்" என்றான் கொளஞ்சி. எல்லாரும் கலைந்தார்கள். செல்வநாயகி பாத்திரம் துலக்க உள்ளே போனாள்.

நான் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் அது நடந்தது. பலகைகளின் சந்து வழியாகத் தெரிந்தது. கொளஞ்சி நாற்காலியைக் கேட்டருகே உருட்டிக்கொண்டு வந்தான். தாழை அசைக்கவில்லை, சும்மா பிடியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். எட்டவில்லை. தோளை உயர்த்தி எட்டினான். விரல் நுனிதான் பட்டது. பிடிக்க முடியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. தாழுக்கும் அடிக்கு ஒண்ணரை இஞ்சு சேர்ந்துவிட்டது! நாற்பது, நாற்பத்தைந்தாக நிற்கிறது. அகலத்தைப் பார்த்த அவசரத்தில் உயரத்தை யாருமே பார்க்கவில்லை.

செல்வநாயகி கொல்லைக் கதவருகிலிருந்து கேட்டாள், "கைக்கு எட்டுதாங்க?"

அவன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். "எல்லாம் சரியாத்தான் இருக்குது. போயி வேலயப் பாரு."

எனக்கு மண்டை காய்ந்தது. போய்ச் சொல்வதா? சொன்னால் அவள் உடைந்துபோவாள். ஸ்தனிஸ்லாஸைக் கூப்பிட்டால் ஈரப் பட்டையைப் பெயர்க்க வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டுக்கு முன்னால் எட்டாத கையோடு நிற்பான். பொரணி பேசுகிறவள் என்று பேர் வாங்கியவள், பேச வேண்டிய அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு படுத்தேன். அவ்வளவு கோழை நான்.

திங்கட்கிழமை ஏழே கால் மணியிலிருந்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஏழரைக்கு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. "நீ அடுப்படியிலயே இரு. கேட்டாண்ட வராத" என்று அவன் குரல். கேட்டுக்கு மேலே அவன் தலை தெரிந்தது, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வண்டி கேட்டருகே சாய்வாக வந்து, பிடிக்குப் பக்கத்தில் நின்றது.

பலகைச் சந்தில் அவன் கை எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. கை நேராகப் போய் மரப்பிடியில் விழுந்தது. எட்டவில்லை என்ற பேச்சே இல்லை. தோள் உயரவில்லை, உடம்பு நீளவில்லை. தன் வீட்டுச் சாமானை எடுப்பதுபோல எடுத்துத் தூக்கினான்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. நாற்காலியைவிட ஸ்கூட்டர் சீட்டு அஞ்சு இஞ்சு உயரம். செல்வநாயகி அளவெடுத்தது நாற்காலியில், அப்போது வண்டியே வரவில்லை. சரியாக வரைந்திருந்தால்தான் அவன் குனிந்து துழாவியிருப்பான். முந்தின சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தபோதே அந்தக் கொத்தனார் இதைக் கணக்குப் போட்டிருக்கிறான். நான்தான் தூங்காமல் கிடந்தேன்.

முன்சக்கரம் கேட்டை மெல்ல முட்டியது. கேட்டு கீலில் கொஞ்சம் மேலே ஏறித் திறந்தது. வண்டி வெளியே வந்தது. பின்சக்கரங்கள் தாண்டியதும் கேட்டு ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு தன் எடையிலேயே இறங்கித் திரும்பி வந்து, டக்கென்று தாழ் விழ மூடிக்கொண்டது. நுழையலாம் என்று ஓடிவந்த என் கிடாய் மூக்கில் இடி வாங்கிக்கொண்டு திரும்பியது. பூசிய விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

தெருவில் அங்கங்கே நின்றவர்கள் கத்த வாயெடுத்தார்கள். கொளஞ்சி யாரையும் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி, மூடிய கேட்டைப் பார்த்தபடி நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான்.

"செல்வி."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"போயிட்டு வரேன்."

அடுப்படியில் இருக்கச் சொன்னவள் அடுப்படியில் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம், பலகைக்கு ஒட்டினாற்போல நின்றிருக்கிறாள். சந்து வழியாக அவள் புடவை தெரிந்தது. அவள் விரல்கள் சந்தில் வந்து பலகையைப் பிடித்தன.

"ம்" என்றாள்.